‘நல்லா இருக்கு, ஆனா வேண்டாம்’: வென்ச்சர் பணத்தின் கணக்கு

கோவையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், நூற்பாலை மோட்டார்களில் பொருத்துகிற சின்னக் கருவி ஒன்றைச் செய்து விற்கிறார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மோட்டார் ஓடும்போது வரும் அதிர்வையும் சூட்டையும் அளந்துகொண்டே இருந்து, பேரிங் தேய ஆரம்பித்ததும் ஃபிட்டரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பிவிடும். 40 மில்களில் மாட்டியிருக்கிறார். வருடத்துக்கு 3 கோடி ரூபாய் வியாபாரம். கையைக் கடிக்காமல் லாபமும் நிற்கிறது.

தொழிலைப் பெரிதாக்கலாம் என்று பெங்களூருக்குப் போய், புதுத் தொழில்களில் பங்குக்குப் பணம் போடுகிற 4 வென்ச்சர் கேப்பிட்டல் ஃபண்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பிய அன்று ராத்திரி போன் வந்தது. “ஏனுங்கண்ணா, தொழில் நல்லாருக்குன்னும் சொல்றாங்க, எங்களுக்குச் சரிவராதுன்னும் சொல்றாங்க. நான் எதைத்தானுங்க எடுத்துக்கிறது?”

முகத்துக்கு நேரே குறை சொல்ல மனமில்லாமல் மழுப்பிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் சொன்ன இரண்டுமே உண்மைதான். தொழில் நல்ல தொழில். அவர்களிடம் இருக்கிற பணத்துக்கு அது ஆகாது. இது புரிய வேண்டுமென்றால் அந்தப் பணம் யாருடையது, எப்போது திரும்பிப் போக வேண்டும், எவ்வளவாகப் போக வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்அப் பற்றிப் பேசும்போது நாம் யோசனையைப் பற்றிப் பேசுகிறோம், துணிச்சலைப் பற்றிப் பேசுகிறோம். பணத்துக்கும் ஒரு குணம் உண்டு என்பதைப் பேசுவதில்லை. அதனால் எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாமல் மனம் உடைகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கோடி ரூபாயில் ஒரு ஃபண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் அதை நடத்துகிறவர்களுடையது இல்லை. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளைகள், பணக்காரக் குடும்பங்கள் என்று பல இடங்களிலிருந்து வாங்கியது. வழக்கமாக 10 வருடக் கெடு. நடத்துகிறவர்கள் வருடத்துக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் வரும் லாபத்தில் 20 சதவீதம் அவர்களுக்கு. உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட இதே வாய்ப்பாடுதான். கட்டணம் போக 80 கோடி மிஞ்சும். அதை 20 நிறுவனங்களில் 4 கோடி வீதம் போடுகிறார்கள்.

பணம் கொடுத்தவர்கள் 10 வருடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். வங்கியில் போட்டிருந்தாலே ஏறக்குறைய இரட்டித்திருக்கும். அதனால் 3 மடங்காவது வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதாவது 300 கோடி. இப்போது அந்த 20 நிறுவனங்களும் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 10 மூடிவிடும். 6 போட்ட பணத்தை மட்டும் திருப்பித் தரும், அது 24 கோடி. 3 நன்றாக வந்து 3 மடங்கு தரும், அது 36 கோடி. ஆக 19 நிறுவனங்களும் சேர்ந்து 60 கோடி. மீதி 240 கோடியும் எஞ்சியிருக்கிற ஒரே ஒரு நிறுவனத்திலிருந்து வந்தாக வேண்டும். கடைசியில் அந்த நிறுவனத்தில் ஃபண்டின் பங்கு 15 சதவீதம் இருக்கிறதென்றால், அதன் மதிப்பு 1,600 கோடி ஆகியிருக்க வேண்டும்.

எது அந்த ஒன்று என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால் 20-ல் ஒவ்வொன்றும் 1,600 கோடி ஆகக்கூடியதாக இருந்தால்தான் காசோலை எழுத முடியும். கோவைத் தம்பியின் தொழில் எல்லாம் கூடிவந்தால் 7, 8 வருடத்தில் 100 கோடி மதிப்புக்குப் போகலாம். ஃபண்ட் போட்ட 4 கோடி 15 கோடியாகத் திரும்பும். நம் வீட்டுப் பணமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் மேலே போட்ட கணக்கில் அந்த 15 கோடி மற்ற 10 தோல்விகளை ஈடுகட்டாது. அவர்கள் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

இந்த வகைப் பணம் புதிதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கப்பல்கள் போயின. போனால் 3, 4 வருடம் கழித்துத்தான் திரும்பும். சில திரும்பாது. வங்கிகள் எளிதில் கடன் தருகிற தொழில் இல்லை இது. ஏஜெண்டுகள் என்று சிலர் ஊர்ப் பணக்காரர்களிடம் பணம் திரட்டி, கப்பலும் தலைவனும் ஆட்களும் அமர்த்தி அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது, தலைவன் முதல் கடைசிப் பையன் வரை கிடைத்ததில் பங்கு. நம் ராமேசுவரம், தூத்துக்குடி கரைகளில் டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதைப் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கு பிரிக்கிறார்களே, அதே போலத்தான். ஒரு கப்பலில் மட்டும் பணம் போட்டவன் மூழ்கிப்போகலாம். பத்துக் கப்பலில் போட்டவனுக்கு ஒன்று எண்ணெய் நிறைந்து வந்தால் போதும். இன்றைய ஃபண்டின் எலும்புக்கூடு அந்தத் துறைமுகத்திலேயே இருந்தது.

அதை முறையான நிறுவனமாக நடத்திக்காட்டியவர்களில் முன்னோடி ஜார்ஜஸ் டோரியோ. பிரான்சில் பிறந்து, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் ஜெனரல் ஆனவர். போர் முடிந்ததும் 1946-இல் அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் என்ற நிறுவனத்தை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் தலைவர் கார்ல் காம்ப்டன் போன்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். போர்க்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் பிறந்த தொழில்நுட்பங்களை வியாபாரமாக்கப் பணம் வேண்டும், அந்தப் பணம் வங்கிகளிடம் கிடைக்காது என்பது அவர்கள் எண்ணம்.

1957-இல் எம்ஐடியின் ஆய்வுக்கூடத்திலிருந்து கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரண்டு பொறியாளர்கள் அவரிடம் வந்தார்கள். கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்பது ஆசை. அப்போது கம்ப்யூட்டர் செய்த பெரிய கம்பெனிகளே நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், திட்டத்தில் அந்தச் சொல்லையே எழுத வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாம். அப்படித்தான் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்று பெயர் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்ற ஊரில் ஒரு பழைய கம்பளி மில்லில் இடம் பிடித்துத் தொடங்கினார்கள். (மூடிக்கிடக்கும் மில் கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த கோவைக்காரர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் பிடிபடும்.) டோரியோ போட்டது 70,000 டாலர், வாங்கிய பங்கு 70 சதவீதம். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டோரியோவின் நிறுவனம் கால் நூற்றாண்டு நடந்தது, பல தொழில்களில் பணம் போட்டது. அத்தனையிலும் கிடைத்த பலனில் சுமார் பாதி இந்த ஒரு முதலீட்டிலிருந்து வந்தது. அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரண வருமானம்தான். இருபதில் ஒன்று என்ற கணக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் அதைச் சுற்றியே தொழிலைக் கட்டினார்கள். கிளெய்னர் பெர்கின்ஸ், செக்வோயா என்ற ஃபண்ட் நிறுவனங்கள் இரண்டும் 1972-இல் கலிபோர்னியாவில் தொடங்கின. 1979-இல் ஓய்வூதிய நிதிகள் இத்தகைய ஃபண்டுகளில் பணம் போடலாம் என்று அமெரிக்க அரசு விதியைத் தெளிவுபடுத்தியதும் வெள்ளம் வந்தது.

முளைவிடும் தொழில்களை வளர்த்துவிடுகிற இன்குபேட்டர், ஆக்சிலரேட்டர் எல்லாம் ஃபண்டிடம் போவதற்கு முந்தைய படிகள். இன்குபேட்டர் என்ற பெயர் வந்த கதை அழகானது. நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்ற சிற்றூரில் மாஸ்ஸி-ஹாரிஸ் விவசாய எந்திரக் கம்பெனி தன் ஆலையை மூடிவிட்டது. ஊரில் வேலை இல்லை. மன்குசோ குடும்பத்தார் 1959-இல் அந்த மாபெரும் கட்டடத்தை வாங்கினார்கள். மொத்தமாக எடுக்க ஆள் கிடைக்காததால், கூறுபோட்டுச் சின்னச் சின்னத் தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கடன் வாங்கவும் வழிகாட்டினார்கள். முதலில் வந்த வாடகைதாரர்களில் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனி. கட்டடத்தைச் சுற்றிக்காட்டும்போது குஞ்சுகளைப் பார்த்து, நாம் செய்வதும் அடைகாக்கிற வேலைதானே என்று ஜோசப் மன்குசோ சொல்லப்போய் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்குபேட்டரில் இடமும் பொறுமையும் கிடைக்கும். 2, 3 வருடம் கூட இருக்கலாம்.

ஆக்சிலரேட்டர் வேறு. 3 மாதம் போலக் குறிப்பிட்ட கெடு, கூட்டமாகச் சேர்ப்பது, கொஞ்சம் பணம், பதிலுக்குப் பங்கு. இந்த வடிவத்தை உலகுக்குக் காட்டியது ஒய் காம்பினேட்டர். 2005-இல் பால் கிரகாம், ஜெசிகா லிவிங்ஸ்டன், ராபர்ட் மோரிஸ், டிரெவர் பிளாக்வெல் நால்வரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கினார்கள். முதல் கோடைக்காலத்தில் 8 குழுக்கள். ஒரு குழுவுக்குச் சில ஆயிரம் டாலர்தான், அதாவது கோடை முழுக்கச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகிற பணம். செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், சமைத்தது கிரகாம்.

அந்த முதல் கூட்டத்தில் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹேனியன் என்ற இரண்டு வர்ஜீனியா மாணவர்கள் இருந்தார்கள். கைபேசியிலேயே சாப்பாடு ஆர்டர் செய்யும் யோசனையோடு வந்தவர்கள். கையில் ஸ்மார்ட்போன் இல்லாத காலம் அது. முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது கிரகாமே போன் செய்தார்: யோசனை பிடிக்கவில்லை, உங்களைப் பிடித்திருக்கிறது, வேறு ஏதாவது செய்கிறீர்களா? வழியில் இறங்கித் திரும்பினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரெடிட் என்ற இணைய உரையாடல் தளம். வாங்கிய பணம் 12,000 டாலர்.

யோசனையைவிட ஆளைப் பார்ப்பது என்ற இந்த வழக்கம் ஏன் வந்தது? ஒரு குழுவுக்குப் போடுகிற பணம் சின்னது, குழுக்கள் நிறைய, எது 1,600 கோடி ஆகும் என்று தெரியாது. அந்த நிலையில் அதிகம் அலசி ஆராய்வது வீண். 10 நிமிட நேர்காணலில் முடிவு சொல்லிவிடுவது அங்கே இன்றும் வழக்கம். 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் வீட்டில் காற்றடைத்த மெத்தை போட்டு ஆள் தங்கவைக்கும் தொழிலில் பணம் தீர்ந்துபோய், அமெரிக்கத் தேர்தலை ஒட்டி வேட்பாளர்கள் பெயரில் சீரியல் என்கிற காலைத் தானிய உணவுப் பெட்டிகளை வடிவமைத்து, கையாலேயே பசை ஒட்டி, ஒன்று 40 டாலர் என்று விற்றார்கள். சுமார் 30,000 டாலர் கிடைத்தது. கிரகாமுக்கு வீட்டில் அந்நியரைத் தங்கவைக்கும் யோசனை பிடிக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மனம் மாறினார். 4 டாலர் சீரியலை 40 டாலருக்கு விற்கத் தெரிந்தவர்கள் எதையும் சமாளிப்பார்கள் என்பது அவர் எண்ணம். அதுதான் ஏர்பிஎன்பி. 2020 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளே அதன் மதிப்பு 10,000 கோடி டாலரைத் தொட்டது.

நடுவில் அவர்களை நிராகரித்தவர்களும் உண்டு. யூனியன் ஸ்கொயர் வென்ச்சர்ஸ் ஃபண்டின் ஃபிரெட் வில்சன் தாம் தவறவிட்டதைப் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். அந்தச் சீரியல் பெட்டி ஒன்றை அலுவலகக் கூட்ட அறையில் நினைவுக்காக வைத்திருந்தார். பெஸ்ஸிமர் ஃபண்ட் தான் நழுவவிட்ட நிறுவனங்களின் பட்டியலையே தன் தளத்தில் போட்டிருக்கிறது. கூகுள், ஆப்பிள் எல்லாம் அதில் உண்டு. மூடிப்போன ஒன்றில் பணம் போட்டால் 4 கோடி போகும், அவ்வளவுதான். ஏர்பிஎன்பியை விட்டுவிட்டால் போவதற்கு அளவே இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களை எது தூங்கவிடாது என்பதை அந்தப் பெட்டியே சொல்லும்.

இன்று ஒய் காம்பினேட்டர் ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் தருகிறது. அதில் 1.25 லட்சம் டாலருக்கு 7 சதவீதப் பங்கு. மீதி 3.75 லட்சம், அடுத்து வருகிறவர்கள் என்ன விலைக்கு வாங்குகிறார்களோ அதே விலைக்குப் பங்காக மாறும். ஆக, கதவைத் தாண்டியதும் நிறுவனத்துக்குச் சுமார் 18 லட்சம் டாலர் என்று விலை போட்டாயிற்று. இது ஒரு நாணயமான ஏற்பாடுதான், எல்லாருக்கும் ஒரே விதி, பேரம் கிடையாது. 2013 கடைசியில் அவர்களே உருவாக்கிய, இப்போது வாங்கும் பணத்துக்குப் பிறகு பங்கு தருகிற சேஃப் என்ற சில பக்க ஒப்பந்தம் இன்று உலகெங்கும் புழங்குகிறது. கடன் இல்லை, வட்டி இல்லை, தவணை இல்லை. அதனாலேயே பலர் அதைச் சும்மா கிடைத்த பணம் போல எண்ணிவிடுகிறார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு நண்பர்கள் பாதிப் பாதியாகத் தொடங்குகிறார்கள். ஆக்சிலரேட்டருக்கு 7 போனதும் 93 மிஞ்சும். அடுத்துப் பணம் திரட்டும் சுற்றில், அதாவது ரவுண்டில், 20 சதவீதம் விற்றால் 74. அப்புறம் ஒரு ரவுண்டில் முதலீட்டாளருக்கு 20, ஊழியர்களுக்கு ஒதுக்க 10 என்று போனால் 52. இன்னொரு ரவுண்டில் 15 போனால் 44. ஆளுக்கு 22 சதவீதம். இதில் தப்பு ஒன்றுமில்லை, பெரிய பானையில் சின்னக் கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா ரவுண்டிலும் சேர்த்து 100 கோடி ரூபாய் வாங்கியிருக்கிறார்கள் என்று வைப்போம்.

இப்போது யாரோ ஒருவர் 120 கோடிக்கு நிறுவனத்தை வாங்க வருகிறார். 120-இல் 44 சதவீதம், கிட்டத்தட்ட 53 கோடி நமக்கு என்று நண்பர்கள் நினைப்பார்கள். ஒப்பந்தத்தில் வேறு ஒரு வரி இருக்கும்: நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். வென்ச்சர் ஒப்பந்தங்களில் இது ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. 100 கோடி முதலில் போய்விடும். மிஞ்சிய 20 கோடியை நிறுவனர்களும் ஊழியர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து 17 கோடிக்குச் சற்றுக் குறைவாக வரும். 90 கோடிக்கு விற்றிருந்தால் ஒரு ரூபாயும் வராது. 10 வருட உழைப்பு, பத்திரிகையில் படம், ஊரெல்லாம் பாராட்டு, கடைசியில் வெறும் கை. கையெழுத்துப் போடும் முன் இந்த வரியை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஆக்சிலரேட்டர்கள் உலகத்துக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. 2006-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் டெக்ஸ்டார்ஸ், 2007-இல் லண்டனில் சீட்கேம்ப் என்று பரவியது. நைஜீரியாவின் லாகோஸில் ஷோலா அகின்லாடேவும் எஸ்ரா ஒலுபியும் தொடங்கிய பேஸ்டாக், அட்டை மூலம் இணையத்தில் பணம் வாங்கும் வழியை அந்த நாட்டு வியாபாரிகளுக்குச் செய்து கொடுத்தது. 2016-இல் ஒய் காம்பினேட்டரில் சேர்ந்த முதல் நைஜீரிய நிறுவனம் அது. 2020-இல் இணையத்தில் பணம் செலுத்தும் வசதி தருகிற அமெரிக்க நிறுவனமான ஸ்ட்ரைப் அதை 20 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியதாகச் செய்தி வந்தது. ஸ்ட்ரைப்பும் அதே ஒய் காம்பினேட்டரில் வளர்ந்த பிள்ளை. ஆக்சிலரேட்டரின் உண்மையான சொத்து பணத்தைவிட இந்த உறவுதான்: முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு முதல் வாடிக்கையாளராக, முதலீட்டாளராக, சில சமயம் வாங்குகிறவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பணம் தருகிறவர் தனக்குப் பழகிய சட்டத்தில் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும் என்பார். அதனால் பல இந்திய நிறுவனங்கள் தாய் நிறுவனத்தை அமெரிக்காவின் டெலவேரிலோ சிங்கப்பூரிலோ வைத்தன. வேலையும் வாடிக்கையாளரும் இங்கே, உரிமைப் பத்திரம் அங்கே. பிறகு இந்தியப் பங்குச் சந்தையில் இறங்க வேண்டும் என்றதும் திரும்பி வர வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது போன்பேயின் முதலீட்டாளர்கள் கட்டிய வரி கிட்டத்தட்ட 8,000 கோடி ரூபாய். 2018-இல் ஒய் காம்பினேட்டருக்குப் போய்வந்த முதலீட்டுச் செயலி நிறுவனம் குரோவ், 2024-இல் டெலவேரிலிருந்து திரும்பச் சுமார் 1,340 கோடி கட்டியது. முதல் காசோலை வாங்கும்போது யாரும் இதைக் கணக்கில் வைப்பதில்லை.

அரசாங்கங்கள் இந்தப் பணத்தை வரவழைக்கப் பல வழி பார்த்திருக்கின்றன. அதில் படிக்க வேண்டியது இஸ்ரேல். 1990-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களை வைத்துத் தொழில் நடத்தத் தனியார் ஃபண்டுகள் வேண்டும். 1992-இல் இன்பால் என்று ஒரு திட்டம்: ஃபண்ட் நஷ்டப்பட்டால் 70 சதவீதம் வரை அரசு ஈடுசெய்யும். எடுபடவில்லை. நஷ்டத்துக்கு அரசு பொறுப்பு என்றானதும் நல்ல நிறுவனம் தேடி ஓட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

1993-இல் யிகால் எர்லிக் யோஸ்மா என்ற இன்னொரு திட்டத்தோடு வந்தார். மொத்தம் 10 கோடி டாலர். அதில் 10 ஃபண்டுகளுக்கு அரசு 80 லட்சம் டாலர் வீதம் தரும், ஒவ்வொரு ஃபண்டிலும் சுமார் 40 சதவீதம்தான் அரசுடையது. மீதியைத் தனியார் கொண்டுவர வேண்டும், வெளிநாட்டு ஃபண்ட் ஒன்றும் கூட்டாளியாக இருக்க வேண்டும். நஷ்டத்துக்கு எந்த ஈடும் இல்லை. ஆனால் தொழில் வெற்றி பெற்றால், 5 வருடத்துக்குள் அரசின் பங்கை அசலும் வட்டியும் கொடுத்துத் தனியாரே வாங்கிக்கொள்ளலாம், லாபம் முழுக்க அவர்களுக்கு. 10-இல் 8 ஃபண்டுகள் அப்படி வாங்கிக்கொண்டன. நஷ்டத்தைக் குறைப்பதைவிட லாபத்தைப் பெருக்கிக் காட்டுவதுதான் இந்தப் பணத்தை இழுக்கும் என்று அந்த மனிதர் புரிந்துவைத்திருந்தார். மேலே போட்ட 20 நிறுவனக் கணக்கை நினைத்துப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். சிலி நாடு 2010-இல் வேறு வழியில் போய், வெளிநாட்டு நிறுவனர்களுக்குப் பங்கு கேட்காமலே 40,000 டாலர் கொடுத்துச் சாந்தியாகோவுக்கு அழைத்தது. இந்தியா 2016-இல் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக 10,000 கோடி ரூபாயில், ஃபண்டுகளுக்கே பணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அடிப்படை யோசனை யோஸ்மாவுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

சென்னையைப் பார்ப்போம். தரமணியில் இருக்கிற ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கும் அதன் இன்குபேஷன் செல்லும் 3 மாதக் கெடுவுக்குள் அடங்காத தொழில்களை அடைகாத்தவை. தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏதர், முதல் ஸ்கூட்டரை வாடிக்கையாளர் கையில் கொடுத்தது 2018-இல். பங்குச் சந்தைக்கு வந்தது 2025-இல். 2017-இல் தொடங்கிய அக்னிகுல், முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் பறக்கவிட்டது 2024 மே 30 அன்று. 7 வருடம். மென்பொருளுக்காகப் பிறந்த 3 மாதக் கடிகாரம் உலோகத்துக்கும் மோட்டாருக்கும் பொருந்தாது. இங்கே இன்குபேட்டர் வேண்டும், பொறுத்திருக்கும் பேராசிரியர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படப்போவது இந்த வகைதான் என்பது என் நம்பிக்கை.

அதே சென்னையில் இரண்டு மென்பொருள் கம்பெனிகள் இரண்டு வழியில் போயின. 1996-இல் தொடங்கிய ஜோஹோ, வெளியார் பணம் ஒரு காசும் வாங்காமல் வருடத்துக்கு 100 கோடி டாலர் வருமானத்தைத் தாண்டியது. ஸ்ரீதர் வேம்புவால் தென்காசிக்குப் போய் அலுவலகம் போட முடிந்தது என்றால், 10 வருடக் கெடு வைத்திருக்கிற யாருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது பெரிய காரணம். ஜோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் வெளியே வந்து, கீழ்க்கட்டளையில் சின்ன இடத்தில் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார். அடுத்த வருடமே ஆக்செல் ஃபண்டிடம் 10 லட்சம் டாலர் வாங்கினார். 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் நாஸ்டாக் சந்தையில் இறங்கியபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீசுவரர் ஆனார்கள். அதன் பிறகு பங்கின் விலை வெளியீட்டு விலைக்குக் கீழே வெகுவாக இறங்கியதும் நடந்தது. இரண்டு பேரும் தங்கள் தொழிலுக்கு எந்தப் பணம் பொருந்தும் என்று தெரிந்தே முடிவெடுத்தார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு.

பணம் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வீவொர்க் இருக்கிறது. 2017-இல் ஏறக்குறைய 10,000 கோடி டாலரோடு வந்த, ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனத்துடைய விஷன் ஃபண்ட் போன்றவர்கள் கொட்டிக் கொடுத்ததில், அலுவலக இடத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துச் சில்லறையாக வாடகைக்கு விடும் தொழிலுக்கு 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். 2023 நவம்பரில் திவால் மனு. இன்னொரு பக்கம், பெண்கள் மட்டுமே நிறுவனர்களாக உள்ள நிறுவனங்களுக்கு அமெரிக்க வென்ச்சர் பணத்தில் சுமார் 2 சதவீதம்தான் போகிறது. பத்து நிமிடத்தில் ஆளைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கத்தில், ஏற்கெனவே ஜெயித்தவர்களைப் போலவே இருப்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். இதை ஃபண்டுகள் இன்னும் சரிசெய்யவில்லை.

கோவைத் தம்பியிடம் இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். மறுநாள் அவர் வங்கிக்குப் போனார். அடமானம் இல்லாமல் சிறுதொழில்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன் தரும் திட்டத்தில் 1 கோடி கிடைத்தது. வியாபாரம் இருக்கிறது, பில் இருக்கிறது, லாபம் இருக்கிறது என்பதால் மேலாளருக்குப் பெரிய தயக்கம் இல்லை. தவணை மாதம் 5-ஆம் தேதி போய்விடுகிறது. பங்கு முழுக்க அவரிடமே இருக்கிறது. இப்போது 65 மில்கள்.

போன வாரம் மறுபடி போன். பல்லடம் பக்கம் காற்றாலைக்காரர் ஒருவர், இதே கருவியைத் தன் காற்றாடியின் கியர் பெட்டியில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். மாட்டியிருக்கிறார்கள், வேலை செய்கிறது. காற்றாலை என்றால் டென்மார்க்கிலும் உண்டு, பிரேசிலிலும் உண்டு. “இதுக்கு அந்தப் பணம் சரியா வருங்களாண்ணா?” என்று கேட்டார். கூடவே ஒரு கோப்பும் அனுப்பியிருந்தார். உலகத்தில் எத்தனை காற்றாடி, ஒன்றுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை வருடம், எத்தனை ரவுண்டு, கடைசியில் தன் பங்கு எவ்வளவு மிஞ்சும் என்று கட்டம் கட்டமாக அவரே போட்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் 1,600 கோடி என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் வைத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோவை போகிறேன், அந்தக் கட்டத்தை இருவரும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.